உயர்தரம் வணிகம் முடித்தாயிற்று, மார்க்கெட்டிங் பக்கம் போகலாமா?

சுன்னாகச்சந்தி | ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். உயர்தரத்தில் வணிகப் பிரிவு. வணிகக் கல்வி பி, கணக்கீடு சி, பொருளியல் சி. இசட் புள்ளியைப் பார்த்தால் பல்கலைக்கழகம் கிடைக்காது போலத்தான் இருக்கிறது. அப்பா இரண்டாம் முறை எடுக்கச் சொல்கிறார். அவர் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மார்க்கெட்டிங் படிக்கப் போகிறேன் என்றதும், "சைக்கிளில் சவர்க்காரம் விற்கவோ உன்னைப் படிப்பித்தது?" என்று கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, இடியப்பத் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

இந்த எண்ணம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த வர்த்தகக் கண்காட்சியில் மாமாவின் நெல்லிரசக் கடையில் மூன்று நாள் நின்றேன். முதல் நாள் சனம் இலவசக் கிளாஸை வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு தம்பி" என்று சொல்லிப் போய்க்கொண்டே இருந்தது. வாங்கிய கொஞ்சப் பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஒரு போத்தல் எத்தனை பேருக்குக் காணும்?" இரண்டாம் நாள் காலை ஒரு மட்டையில் "1 போத்தல் = 25 கிளாஸ்" என்று பெரிதாக எழுதித் தொங்கவிட்டேன். பின்னேரம் மாமா வீட்டுக்கு ஓடிப்போய் மிச்சப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வரவேண்டியதாகிவிட்டது. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இப்போது முன்னால் மூன்று வழி இருக்கிறது. கொழும்புக்குப் போய் டிப்ளோமா படிப்பது, இங்கேயே ஆறு மாத டிஜிட்டல் மார்க்கெட்டிங் வகுப்பு, அல்லது பேப்பரில் பார்த்த "மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்" வேலைக்கு நேரே விண்ணப்பிப்பது. எது சரி?

அரைக்காற்சட்டை | ஞாயிறு, இரவு 8.52

நான்காவது வழி: அப்பா சொல்வதைக் கேட்டு அரசாங்க வேலைக்கு இரு. சீதனம் கூடும். 😄

பழைய_ரெப் | ஞாயிறு, இரவு 10.05

தம்பி, உம்முடைய அப்பா சொன்னது பாதி சரி. நான் 19 வருடம் சவர்க்காரமும் பிஸ்கட்டும் தேயிலையும் விற்றவன். சைக்கிளில் இல்லை, முதலில் மோட்டார் சைக்கிளில், பிறகு பட்டா என்கிற சின்ன லொறியில். இப்போது சொந்தமாக ஒரு சின்ன ஏஜென்சி வைத்திருக்கிறேன். அந்த மட்டைக் கதையை இரண்டு தரம் வாசித்தேன். நீர் செய்தது விற்பனை இல்லை. வாங்குகிறவன் மனதில் என்ன கணக்கு ஓடுகிறது என்று கண்டுபிடித்தீர். அதைத்தான் கொழும்பில் பெரிய சம்பளம் கொடுத்துச் செய்விக்கிறார்கள்.

நான் தொடங்கியது 2005இல். அடுத்த வருடம், யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 வீதி சண்டையால் மூடப்பட்டது. அதன்பிறகு 2009 வரை கப்பலில் என்ன வந்ததோ அதைக் கடைக்காரருக்குப் பங்கிட்டுக் கொடுத்தோம். "அண்ணை, எனக்கு இரண்டு பெட்டி கூடப் போடுங்கோ" என்று கடைக்காரர் எங்களைக் கெஞ்சுவார்கள். அதற்குப் பெயர் விற்பனையே இல்லை என்பது பாதை திறந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ஒரே மாதத்தில் ஏழெட்டுப் பிஸ்கட் கொம்பனிகள் வந்து இறங்கின. நேற்று வரை என்னைக் கெஞ்சியவர், "அங்கே வைச்சிட்டுப் போ, பார்ப்பம்" என்றார். எடுப்பதா விடுவதா என்பது வாங்குகிறவன் கைக்குப் போன அன்றுதான் எனக்குத் தொழில் தொடங்கியது.

வேலை எப்படியிருக்கும் என்றும் சொல்கிறேன். காலை ஏழரைக்கு ஏஜென்சியில் நிற்கவேண்டும். ஒரு நாளைக்கு ஒரு ரூட். திங்கள் சாவகச்சேரி, கொடிகாமம். செவ்வாய் நெல்லியடி, பருத்தித்துறை. இப்படியே சுற்றி வெள்ளிக்கிழமை தீவுப்பக்கம். நாளைக்கு முப்பத்தைந்து நாற்பது கடை. அதில் எத்தனை கடையில் பில் போட்டீர் என்பதைத்தான் மேலே இருப்பவன் பார்ப்பான். எத்தனை கடை ஏறி இறங்கினீர் என்று கேட்கமாட்டான். பழைய கடனைக் கேட்கவேண்டும், காலாவதியானதைத் திருப்பி எடுக்கவேண்டும், அடுத்த கொம்பனிக்காரன் உம்முடைய சாமானை உள்ளே தள்ளிவிட்டு முன்னால் தன்னுடையதை அடுக்கியிருப்பான், அதையும் சிரித்துக்கொண்டே திருப்பி அடுக்கவேண்டும். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு போய்க் காசு கேட்டால் கல்லாப்பெட்டி திறக்காது. இதெல்லாம் எந்த டிப்ளோமாவிலும் வராது.

ஒன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு பிராண்ட் மனேஜர் வந்தார். நல்ல பொடியன், கெட்டிக்காரன். நல்லூர்த் திருவிழா 25 நாள், அவ்வளவு சனம், கோயில் வீதிப் பக்கம் ஒரு கொட்டகை போட்டு எங்கள் சூப்பை எல்லோருக்கும் குடிக்கக் கொடுப்போம் என்று முழுத் திட்டமும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சூப் கோழிச் சுவை! "தம்பி, இந்த 25 நாளும் யாழ்ப்பாணத்தில் எத்தனை வீட்டில் கோழி அடுப்பில் ஏறும் என்று நினைக்கிறீர்?" என்று கேட்டேன். பாவம், முகம் கறுத்துப்போனது. கடைசியில் தேயிலைப் பிரிவிடம் காசு கேட்டு வாங்கிப் பிளேன்ரீ கொடுத்தோம். கோழிச் சூப் பெட்டிகள் அடுத்த மாதம் ஒரு உதைபந்தாட்டப் போட்டிக்குப் போய் மணித்தியாலக் கணக்கில் முடிந்தன.

ஆகவே என் யோசனை: எதைப் படித்தாலும் முதலில் ஒரு வருடம் ரூட் போம்.

வெள்ளவத்தை_அறை | திங்கள், காலை 7.20

பழைய_ரெப் அண்ணை எழுதியதை பஸ்ஸில் வாசித்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். ஆனால் கடைசி வரியில் முரண்படுகிறேன். ஒரு வருடம் ரூட் போ என்று ஒரு பொடியனுக்குச் சொல்வது லேசு. நான் யாழ் பல்கலைக்கழகத்தில் சந்தைப்படுத்தல் துறையில் பட்டம் எடுத்து வெளியே வந்த வருடம், ஐந்து ஏஜென்சியில் ரெப் (விற்பனைப் பிரதிநிதி) வேலை கேட்டேன். நான்கு இடத்தில், "தங்கச்சி, கணக்குப் பார்க்கிற வேலை இருக்கு, செய்யிறீங்களோ?" என்றார்கள். ஐந்தாவது இடத்தில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

பிறகு கொழும்புக்கு வந்து ஒரு விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தேன். இப்போது ஆறு வருடம். சுன்னாகச்சந்தித் தம்பிக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கூட்டம் சிங்களத்தில் நடக்கும். திரையில் ஓடுவது ஆங்கிலம். பின்னேரம் ஆறு மணிக்கு எல்லோரும் பையைத் தூக்கும்போதுதான் ஒருவர் வந்து, "இதைத் தமிழில் போட்டுத் தாங்களேன், சின்ன விஷயம்தான்" என்பார். நான் சேர்ந்த புதிதில் ஒரு பான விளம்பரம் அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. 'சுகர் ஃப்ரீ' என்பதை யாரோ மெஷினில் போட்டு "சர்க்கரை இலவசம்" என்று எடுத்திருந்தார்கள். முதல் பிழை விளங்கும்: சீனி இல்லாதது, சீனியை இனாமாகக் கொடுப்பதாக மாறிவிட்டது. இரண்டாவது பிழையைச் சொல்லிப் புரியவைக்க அரை மணித்தியாலம் எடுத்தது. எங்கள் ஊரில் தேத்தண்ணிக்குப் போடுவது சீனி, சர்க்கரை புக்கைக்குப் போடுவது. போத்தலை வாங்கினால் பொங்கலுக்குச் சர்க்கரை கிடைக்கும் என்றல்லவா கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள்?

அன்றிலிருந்து நான் மொழிபெயர்ப்பதில்லை. என்ன சொல்லவேண்டும் என்று கேட்டுவிட்டுத் தமிழில் புதிதாக எழுதிக் கொடுக்கிறேன். நாங்கள் நினைப்பதைவிட இந்த வேலைக்கு ஆட்கள் குறைவு. நல்ல தமிழ், கூட்டத்தில் பேசுமளவு சிங்களம், மின்னஞ்சல் எழுதுமளவு ஆங்கிலம், மூன்றும் உள்ள ஒருவரை ஒரு நிறுவனம் கண்டுபிடித்தால் விடவே விடாது. தம்பி, சிங்களத்தை இன்றைக்கே தொடங்குங்கள். எனக்கு அது இரண்டு வருடம் பிந்தித்தான் வந்தது. அந்த இரண்டு வருடமும் கூட்டங்களில் மற்றவர்கள் சிரித்த பிறகு சிரித்துக்கொண்டிருந்தேன்.

பட்டப் படிப்பு வீணா என்று கேட்பீர்கள். இல்லை. மக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960இல் சொன்ன அந்த நான்கு சமாசாரத்தையும் (பொருள், விலை, இடம், ஊக்குவிப்பு) மனப்பாடம் செய்து சோதனை எழுதியபோது சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணையின் கோழிச் சூப்பைப் பாருங்கள். பொருளில் பிழையில்லை, விலையில் பிழையில்லை, இடமும் காலமும் பிழை. படித்தவனுக்கு அதைச் சொல்ல ஒரு வார்த்தை இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். சொல்லத் தெரிந்தால் கூட்டத்தில் கேட்பார்கள்.

பழைய_ரெப் | திங்கள், மதியம் 1.10

தங்கச்சி, ஒத்துக்கொள்கிறேன். பெண் பிள்ளைகளை நாங்கள் எடுக்காதது எங்கள் பிழை. என்னுடைய ஏஜென்சியிலும் இன்றுவரை ஒருவர் இல்லை. காரணம் கேட்டால் மோட்டார் சைக்கிள், தூரம், இருட்டு என்று சொல்லுவேன். ஸ்கூட்டரில் அச்சுவேலியிலிருந்து யாழ்ப்பாணம் வேலைக்கு வருகிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். அதனால் அந்தக் காரணமும் நிற்காது.

நொந்துபோனவன் | திங்கள், இரவு 9.33

மேலே எல்லோரும் நல்ல கதை சொல்கிறீர்கள். தம்பி கேட்ட மூன்றாவது வழியை ஒருவரும் தொடவில்லை. தம்பி, அந்தப் பேப்பர் விளம்பரத்தில் என்ன போட்டிருக்கிறது?

சுன்னாகச்சந்தி | திங்கள், இரவு 9.41

"மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ். ஆண், பெண் இருபாலாரும். வயது 18–45. சாதாரண தரம் போதுமானது. முன் அனுபவம் தேவையில்லை. எல்லையற்ற வருமானம், வெளிநாட்டுப் பயணம்." கீழே ஒரு தொலைபேசி இலக்கம் மட்டும்தான். கொம்பனிப் பெயர் இல்லை.

நொந்துபோனவன் | திங்கள், இரவு 9.58

நினைத்தேன். "எல்லையற்ற வருமானம்" என்றால் அடிப்படைச் சம்பளம் இல்லை என்று அர்த்தம். நான் இப்படி ஒன்றுக்கு டை கட்டிக்கொண்டு போனவன். மூன்று நாள் பயிற்சி, கைதட்டல், ஒருவர் மேடையில் ஏறித் தான் கார் வாங்கிய கதை சொல்லி அழுதார். நான்காம் நாள், உன் சொந்தக்காரர் ஐம்பது பேரின் பெயரை எழுது என்று ஒரு தாள் தந்தார்கள். ஐந்தாம் நாள் "ஸ்டார்ட்டர் பக்" என்று காசு கேட்டார்கள். அம்மாவின் காப்பு அடகு வைத்துக் கட்டினேன். எனக்குக் கீழே இரண்டு பேரைச் சேர்த்தால் வரும் என்றார்கள். சேர்த்தது என் சித்தப்பாவையும் பள்ளிக்கூடச் சிநேகிதனையும். இப்போது இரண்டு பேரும் என்னோடு கதைப்பதில்லை. காப்பும் ஏலத்தில் போய்விட்டது.

பிறகுதான் தேடி வாசித்தேன். ஆட்களைச் சேர்ப்பதாலேயே காசு வருகிற பிரமிட் திட்டங்களை நடத்துவதும் அதற்கு ஆள் பிடிப்பதும் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். ஆள் பிடித்தவன் என்ற வகையில் நானும் குற்றவாளிதான், அதுதான் இன்னும் குத்துகிறது. தடை செய்யப்பட்ட திட்டங்களின் பெயர்களை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் போடுகிறது, பார்.

எந்த வேலைக்குப் போனாலும் கேள்: நியமனக் கடிதம் தருவீர்களா? அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? பெட்ரோல் யாருடைய காசு? ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுவீர்களா? சட்டப்படி உன்னுடைய சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதற்கு மேல் ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முதலாளி தன் கையால் கட்டவேண்டும். இந்தக் கேள்விக்கு முகம் சுளித்தால் எழும்பி வா. தேத்தண்ணி தந்தால் குடித்துவிட்டு வா.

ஆனைக்கோட்டை_முகவர் | செவ்வாய், காலை 6.15

நொந்துபோனவன் தம்பிக்கு நடந்தது கவலையான விஷயம். ஆனால் சம்பளம் இல்லாத எல்லா வேலையும் களவு என்று எழுதுவது சரியில்லை. நான் 14 வருடமாகக் காப்புறுதி முகவர். அடிப்படைச் சம்பளம் இல்லைதான். தரகுப் பணத்தில்தான் வீடு கட்டினேன், மூத்தவளைப் படிப்பித்தேன். காப்புறுதி முகவராக ஒழுங்காகச் சேருவதற்கே ஒரு பரீட்சை எழுதிச் சித்தியடையவேண்டும். அதற்கென்று ஓர் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. இதைப் பிரமிட்டோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

நொந்துபோனவன் | செவ்வாய், காலை 7.02

ஐயா, உங்களைச் சொல்லவில்லை. ஆனால் காப்புறுதி முகவர் வேலைக்கு ஏன் பேப்பரில் "மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்" என்று போடுகிறார்கள்? "காப்புறுதி முகவர் தேவை" என்று போட்டால் என்ன? பெயரை மறைக்கிற இடத்தில்தானே எனக்குச் சந்தேகம் வருகிறது.

ஆனைக்கோட்டை_முகவர் | செவ்வாய், காலை 7.30

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் அப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். முதல் வருடம் என்னோடு சேர்ந்த பதினொரு பேரில் இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன். தம்பிக்கு இதையும் சொல்லத்தான் வேண்டும்.

மட்டுறுத்துனர் | செவ்வாய், காலை 9.00

நிறுவனங்களின் பெயர் போட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மற்றபடி தொடருங்கள்.

திண்ணைவேலி_டிஜிட்டல் | செவ்வாய், இரவு 11.48

நான் இருபத்தாறு வயது, ஒரு கொம்பனியிலும் வேலை செய்ததில்லை. கலியாண மண்டபம், சேலைக்கடை, பருத்தித்துறை வடை செய்து அனுப்புகிற ஒரு அக்கா, இப்படி ஒன்பது பேருக்கு முகநூல், இன்ஸ்டாகிராம், கூகுள் விளம்பரம் பார்க்கிறேன். ஆறு மாத வகுப்புக்குக் காசு கட்டுமுன் இதைக் கேளும். கூகுளின் ஸ்கில்ஷொப், ஹப்ஸ்பொட் அகடமி இரண்டிலும் பாடமும் சான்றிதழும் இலவசம். வகுப்பு நடத்துகிறவரிடம் "கூகுள் அனலிட்டிக்ஸில் எதைப் படிப்பிக்கிறீர்கள்?" என்று கேட்டுப்பாரும். இணையத்தளத்துக்கு யார் வருகிறார்கள் என்று கணக்குப் பார்க்கிற கருவி அது. 2023 ஜூலையோடு பழைய பதிப்பு நின்றுவிட்டது, இப்போது இருப்பது நான்காம் பதிப்பு. இன்னும் பழையதின் படங்களைக் காட்டிப் படிப்பிப்பவர்கள் இருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. தின்பவர் இங்கே, காசு கட்டுபவர் அங்கே. வடை அக்காவுக்கு முதலில் நான் விளம்பரத்தை யாழ்ப்பாணத்துக்கே காட்டினேன். லைக் நூற்றுக்கணக்கில் வந்தது, ஓடர் ஏழு. இங்கே இருப்பவன் ஏன் இணையத்தில் வடை வாங்கவேண்டும், சந்தியில் வாங்குவானே! பிறகு ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் திருப்பினேன். "அம்மம்மா வீட்டுக்கு ஒரு பெட்டி அனுப்புங்கள்" என்று வரியை மாற்றினேன். கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். ஆகவே நான் காலை ஆறு மணிக்குப் பதிவு போட்டால் அங்கே முதல் நாள் இரவு எட்டரை, சாப்பிட்டுவிட்டுப் போனோடு இருக்கிற நேரம். லைக் குறைந்தது. அக்கா என்னைப் பேசத் தயாரானார். மாத முடிவில் வாட்ஸ்அப் ஓடர்களை எண்ணிக் காட்டிய பிறகு பேசாமல் ஒரு பெட்டி வடை தந்தார்.

கசப்பான பக்கமும் இருக்கிறது. "ஒரு போஸ்ட்தானே தம்பி, என்ர மருமகன் சும்மா செய்வான்" என்று சொல்வார்கள். காசு மூன்று மாதம் இழுபடும். இரவு பன்னிரண்டுக்கு "லோகோவைக் கொஞ்சம் பெரிசாக்கும்" என்று குரல்செய்தி வரும். ஒருவர் எங்கேயோ வாங்கிய பத்தாயிரம் தொலைபேசி இலக்கங்களைத் தந்து எல்லோருக்கும் செய்தி அனுப்பச் சொன்னார். மாட்டேன் என்றேன். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சம்மதமில்லாத விளம்பரச் செய்திகளைப் பற்றித் தனிப் பகுதியே இருக்கிறது. சட்டத்தை விடும், இரவு சாப்பாட்டு நேரத்தில் வருகிற அந்தச் செய்தியைப் பார்த்து நீர் எந்தக் கடைக்காவது போயிருக்கிறீரா?

பனிநாட்டான் | புதன், காலை 5.10

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். (தம்பி சொன்னது சரி, இரவு சாப்பிட்டுவிட்டுத்தான் போனோடு இருக்கிறேன்.) மார்க்கெட்டிங் ஏதோ கொழும்பிலிருந்து வந்த புதுச் சாமான் என்று பொடியள் நினைக்கக்கூடாது. யாழ்ப்பாணத்திலேயே செய்த மில்க்வைற் சவர்க்காரம் ஞாபகம் இருக்கிறவர்கள் இங்கே யார்? அதை நடத்திய கனகராசா பனை நடச் சொல்லி ஊர் ஊராகச் சொன்னவர், நடுவித்தவர், 'மில்க்வைற் செய்தி' என்று சஞ்சிகையும் வெளியிட்டார். சவர்க்காரக்காரன் பனையைப் பற்றி ஏன் கவலைப்பட்டான் என்று சின்னவயதில் நான் யோசித்ததில்லை. எங்கள் வீட்டில் வேறு சவர்க்காரம் வாங்கியதாகவும் நினைவில்லை. அவர் அதை வியாபாரத்துக்காகச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஊருக்கு வேண்டியதை ஊரோடு நின்று செய்தார், சனம் அவருடைய பெயரை மறக்கவில்லை.

சுன்னாகச்சந்தி | புதன், இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. அந்தப் பேப்பர் இலக்கத்துக்கு எடுத்தேன். கொம்பனிப் பெயரைக் கேட்டேன், "நேரில் வாங்கோ சொல்லுறம்" என்றார்கள். போகவில்லை.

வெள்ளவத்தை அக்காவிடம் ஒரு கேள்வி. ஸ்லிம், சிஐஎம் என்று இரண்டு பெயர் கேள்விப்படுகிறேன். எதைச் செய்வது? செலவு எப்படி?

வெள்ளவத்தை_அறை | புதன், இரவு 10.26

ஸ்லிம் என்பது இலங்கைச் சந்தைப்படுத்தல் நிறுவகம். 1970இல் தொடங்கியது. சிஐஎம் பிரித்தானியாவினுடையது, 1911இல் விற்பனை முகாமையாளர்களின் சங்கமாகத் தொடங்கியது. இரண்டிலும் அடிப்படைப் படியிலிருந்து ஏறிப் பட்டப்பின் டிப்ளோமா வரை போகலாம். இரண்டுக்கும் கொழும்பு நிறுவனங்களில் மதிப்பு உண்டு. சிஐஎம்மின் அங்கத்துவக் காசும் பரீட்சைக் காசும் பவுணில். 2022இல் ரூபா விழுந்தபோது என்னோடு படித்த இரண்டு பேர் பாதியில் நிறுத்தினார்கள். ஒரே பரீட்சைக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ரூபா தேடவேண்டி வந்தது. உங்கள் நிலையில் நான் இருந்தால் உள்ளூரில் தொடங்கி, வேலை கிடைத்த பிறகு, முடிந்தால் நிறுவனத்தின் காசில், மற்றதைப் பார்ப்பேன். இரண்டும் பின்னேர, வார இறுதி வகுப்புகளாக, வேலை செய்துகொண்டு படிப்பவர்களை நினைத்து அமைக்கப்பட்டவை. வேலையில்லாமல் படித்தால் பாடத்தில் வருகிற எதையும் பொருத்திப் பார்க்க இடமிருக்காது.

அப்பா சொல்கிறபடி இரண்டாம் முறையும் எடுங்கள். அதில் என்ன குறை? பல்கலைக்கழகம் கிடைத்தால் அதுவும் நல்ல வழிதான். அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் இருந்தவருக்குச் சனம் எதை, எப்போது, எவ்வளவு வாங்கும் என்று உங்களை விடத் தெரியும். கேட்டிருக்கிறீர்களா?

பழைய_ரெப் | வியாழன், காலை 6.40

தம்பி, கதைத்தது போதும். நாளைக்கு வெள்ளி, தீவு ரூட். ஏழரைக்கு வாரும், தனிச்செய்தியில் இடம் அனுப்புகிறேன். சம்பளம் இல்லை, மத்தியானச் சாப்பாடு உண்டு. செருப்புப் போடாதீர், சப்பாத்து.

சுன்னாகச்சந்தி | சனி, காலை 10.30

நேற்றுப் போனேன். எழுதத்தான் வேண்டும்.

பண்ணைப் பாலம் தாண்டி மண்கும்பான், வேலணை, ஊர்காவற்றுறை, பிறகு புங்குடுதீவு, குறிகட்டுவான் வரை. முப்பத்தொரு கடை ஏறினோம். பத்தொன்பதில் பில். நான் பெட்டி தூக்கினேன், காலாவதித் திகதி பார்த்தேன், இரண்டு கடையில் பேச்சும் வாங்கினேன்.

புங்குடுதீவில் ஒரு அம்மா வைத்திருக்கிற சின்னக் கடை. அண்ணை புதுச் சவர்க்காரம் ஒன்றைக் காட்டினார், கட்டிக்கு அடுத்ததை விட ஐந்து ரூபா குறைவு. அம்மா கையால் தள்ளிவிட்டார். "மோனை, இந்தத் தண்ணிக்கு உது நுரைக்காது. தேய்ச்சுத் தேய்ச்சுக் கரைஞ்சுதான் போகும். பவுடர் தா." அண்ணை என்னைப் பார்த்துச் சிரித்தார். திரும்பி வரும்போது விளக்கினார். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு, தீவில் உவரும் சேர்ந்தது. அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரைந்து வெள்ளைப் படலமாக ஒட்டும், சலவைப் பவுடர் அப்படியில்லை. கொழும்பில் குழாய்த் தண்ணீரில் கை கழுவிப் பார்த்து, ஐந்து ரூபா குறைத்தால் ஓடும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். உயர்தர வேதியியல்காரன் ஒருத்தனும் இதைத் தன் வீட்டுக் கிணற்றோடு சேர்த்து எனக்குச் சொன்னதில்லை.

அதே கடையில் ஷாம்பு சின்னப் பக்கெட்டுகள் மாலை மாதிரித் தொங்கின. பெரிய போத்தல் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று நானே கேட்டேன். "கடலுக்குப் போனால் காசு, போகாட்டில் இல்லை. போத்தலுக்கு ஆர் ஒரேயடியாகக் காசு தாறது?" என்றார்.

இரவு சாப்பிடும்போது இதையெல்லாம் வீட்டில் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சங்கத்திலையும் அப்படித்தான். தீவுக் கிளைக்குப் பார் சோப் அனுப்பினால் திரும்பி வரும்" என்றார். பிறகு பதினைந்து நிமிடம் எந்தக் கிளையில் எது ஓடியது, எது ஓடவில்லை என்று சொல்லிக்கொண்டே போனார். முப்பது வருடக் கதை! அம்மா இடையில் இரண்டு தரம் சொதி விட்டார், அவர் கவனிக்கவே இல்லை.

முடிவு: இரண்டாம் முறை பரீட்சை எடுக்கிறேன். அதுவரை வாரத்தில் இரண்டு நாள் பழைய_ரெப் அண்ணையோடு போகிறேன், நாட்கூலிக்கு. பின்னேரம் சிங்கள வகுப்பு. டிஜிட்டல் அண்ணை சொன்ன இலவசப் பாடத்தில் முதல் இரண்டு முடித்துவிட்டேன், ஆங்கிலம் கொஞ்சம் இடிக்கிறது.

இன்னொரு கேள்வி. எனக்கு மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாது, லைசன்ஸும் இல்லை. எங்கே தொடங்குவது?

பழைய_ரெப் | சனி, காலை 11.05

முதலில் மெடிக்கல் எடும். பிறகு கதைப்போம். அந்த அப்பாவை ஒருநாள் ஏஜென்சிக்குக் கூட்டிக்கொண்டு வாரும், ஊர்காவற்றுறைக் கிளை பற்றி எனக்கும் சில கேள்வி இருக்கிறது.

அரைக்காற்சட்டை | சனி, காலை 11.20

எனக்கும் ஒரு நாள் தீவு ரூட்டுக்கு இடம் இருக்குமா அண்ணை? சப்பாத்து இருக்கிறது.